நிறம் வராத செல்லுலோஸ் படலம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

பருத்தியிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுத்த செல்லுலோஸ் நானோபடிகத்தை (தாவர நாரில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரியான படிகம்) தண்ணீரில் கலந்து தட்டில் ஊற்றி உலர விட்டால், சாயம் ஒரு துளி சேர்க்காமலே மயில் கழுத்து மாதிரி மின்னும் படலம் கிடைக்கும். படிப்பதற்கு அப்படித்தான் இருக்கும். நான்கு நாள் காத்திருந்து மூடியைத் திறந்தால், கிடப்பது பாலிதீன் உறை மாதிரி ஒரு தாள். இல்லாவிட்டால் நொறுங்கிய அப்பளம். "அண்ணா, ஆசிட் நேரம் தப்பிப் போச்சுன்னு நினைக்கிறேன், முதல்லேர்ந்து போடவா?" என்று தட்டோடு வந்து நிற்பார்கள்.

வேண்டாம். அந்தக் கேள்வியோடு வந்தவர்களில் உண்மையிலேயே ஆசிட் கட்டத்தில், அதாவது நாரைக் கந்தக அமிலத்தில் போட்டுப் படிகமாக உடைக்கும் முதல் கட்டத்தில், தப்பு செய்தவர்கள் குறைவு. தண்ணீர், மின்விசிறி, தட்டுக்கு அடியில் கிடக்கும் வெள்ளைத் தாள் ஆகிய மூன்றையும் பார்க்காமல் கூழ்மத்தைக் கொட்டிவிட்டு மறுபடி ஒரு வாரம் வீணாக்கியவர்கள்தான் அதிகம். அதனால் கீழே உள்ளதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், கருவி மையத்துக்கு ஓட வேண்டிய காரணம் கடைசியில்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இதை 'சிஎன்சி' என்பார்கள். கோவையில் அப்படிக் கேட்டால் லேத் பட்டறைக்கு வழி காட்டுவார்கள். இங்கே நானோபடிகம் என்றே எழுதுகிறேன். தண்ணீரில் அது கலந்து நிற்கும் நிலையைக் கூழ்மம் என்கிறேன். படிக அடுக்குகள் திருகுபோலச் சுற்றிக்கொண்டு போகும்போது ஒரு முழுச் சுற்றுக்கான தூரம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. திருகு அளவியில் படித்த அதே புரியிடைத் தூரம். காய்ந்த படலத்தில் அது சுமார் 340 நானோமீட்டர் என்றால் பச்சை. கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம். கொள்கை அவ்வளவு போதும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று சோதனை

கறுப்புத் தாள். படலத்தைக் கறுப்புத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். படலம் தன் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்பும். மிச்சம் ஊடுருவிப் போய்விடும். அடியில் வெள்ளைத் தாளோ வெள்ளை டைல்ஸோ இருந்தால் ஊடுருவிய ஒளி திரும்பி வந்து நிறத்தைக் கழுவிவிடும். 'நிறமே இல்லை' என்று வந்த ஒரு தட்டை என் செல்போனின் கறுப்பு உறை மேல் வைத்ததும் பச்சையாக எழுந்தது. கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சாய்த்துப் பார்ப்பது. ஜன்னல் வெளிச்சத்தில் படலத்தை மெதுவாகச் சாயுங்கள். நிறம் நீலப் பக்கம் நகர வேண்டும். நகராமல் எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி நீல வெளுப்பாக இருந்தால், அது ஒளிச்சிதறல். நாம் தேடுவது அதுவல்ல.

திரையரங்க 3டி கண்ணாடி. இதுதான் எனக்குப் பிடித்த கருவி. வட்டமாகப் போலரைஸ் ஆன ஒளியை, அதாவது திருகுபோலச் சுழன்றுகொண்டே வரும் ஒளியை, பயன்படுத்தும் 3டி கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் எதிரெதிர் கைப்பழக்கம்: ஒரு வில்லை இடக்கைச் சுழற்சியை மட்டும் உள்ளே விடும், மற்றது வலக்கைச் சுழற்சியை மட்டும். நானோபடிகப் படலம் இடக்கை ஒளியை மட்டும் திருப்பி அனுப்புவதால், ஒரு கண்ணில் நிறம் பளிச்சென்று இருக்கும். மறு கண்ணில் அணைந்துவிடும். நன்றாக வந்த ஒரு படலத்தை வைத்து எந்தக் கண்ணில் தெரிகிறது என்று பார்த்து, கண்ணாடிச் சட்டத்தில் மார்க்கரால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி சரியான வகைதானா என்று பார்க்க, அதை அணிந்து முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் முன்னால் உள்ள வில்லை கறுப்பாகத் தெரிந்தால் அது வட்ட வகை. மூடிய கண்ணின் பக்கம் கறுத்தால் நேர்கோட்டு வகை, நமக்கு உதவாது.

பொன்வண்டை வைத்துச் சோதிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இயல்பாக வரும் கேள்விதான். ஆனால் அதன் பளபளப்பு அடுக்கடுக்கான மென்தகடுகளால் வருவது, திருகால் அல்ல. இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரிதான் தெரியும். அமெரிக்கக் கண்டத்தில் சாண வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த சில பச்சை வண்டுகள் உண்டு. அவைதான் நம் படலத்தின் உறவுக்காரர்கள்.

## அறிகுறி: படலம் தெளிவாக இருக்கிறது, கறுப்புத் தாளிலும் நிறம் இல்லை

தெளிவாக இருப்பது நல்ல செய்தி. படிகங்கள் கட்டி தட்டவில்லை என்று பொருள். நிறம் உருவாகியிருக்கும், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

### நன்றாகச் சாய்த்தால் ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கிறது

அகச்சிவப்பில் நிற்கிறது. சாய்க்கும்போது நீலப் பக்கம் நகர்ந்து நம் கண்ணெல்லைக்குள் வருகிறது. புரியிடைத் தூரம் கூடிவிட்டது.

வழக்கமான காரணம், சோனிகேட்டரில் (மீயொலி அதிர்வால் கூழ்மத்தில் உள்ள கட்டிகளை உடைக்கும் கருவி) அதிக நேரம் விட்டது. சோனிகேட்டர் சிவப்புப் பக்கம் தள்ளும், உப்பு நீலப் பக்கம் இழுக்கும். இந்த ஒரு வரியை ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டலாம். சோனிகேட் செய்ததைத் திரும்பப் பெற முடியாது, உப்பால் ஈடுகட்டலாம்.

அளவு மிகச் சிறியது. ஒரு கிராம் நானோபடிகத்துக்கு 0.05 மில்லிமோல் சோடியம் குளோரைடில் தொடங்குங்கள். 35 மில்லிமீட்டர் தட்டில் 2% கூழ்மம் 5 மில்லி ஊற்றினால் அதில் இருப்பது 100 மில்லிகிராம் படிகம், அதற்கு 0.1 மோலார் உப்புக் கரைசலில் 50 மைக்ரோலிட்டர். எடையில் 0.3 மில்லிகிராம். தூள் உப்பில் ஐந்தாறு பரல். அத்தனை சின்ன அளவு நிறத்தை மாற்றுகிறது என்பதை மனதில் வையுங்கள், தண்ணீரைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

படலம் வளைவதற்காகப் பிளாஸ்டிசைசர் சேர்த்திருந்தால் (பாலிஎத்திலீன் கிளைக்கால், கிளிசரால், குளுக்கோஸ் எதுவானாலும்) அதுவும் சிவப்புப் பக்கம் தள்ளும். அளவைப் பாதியாக்கி ஒரு தட்டு போட்டுப் பாருங்கள்.

### சாய்த்தாலும் ஒன்றுமில்லை, வாயால் ஊதினால் ஒரு கணம் நீலம்

புற ஊதாவில் நிற்கிறது. மூச்சின் ஈரத்தில் படலம் லேசாக ஊதி, புரியிடைத் தூரம் கூடி, கண்ணெல்லைக்குள் வந்து போகிறது. வாயைக் கிட்டே வைத்து 'ஹா' என்று விடுங்கள். ஊதுகுழல் மாதிரி ஊதினால் காற்று காய வைத்துவிடும்.

முதல் காரணம் உப்பு. டயாலிசிஸ் (கூழ்மத்தைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் போட்டு, அமிலத்தையும் உப்பையும் வெளியேற்றுவது) முடியவில்லை, அல்லது தட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவி அப்படியே உலர வைத்திருக்கிறீர்கள். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கரைந்த உப்புள்ள போர்வெல் தண்ணீர் ஒரு மில்லி தட்டில் காய்ந்தால் 1 மில்லிகிராம் உப்பு மிஞ்சும். மேலே சொன்ன அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

உப்பு இல்லையென்றால் சோனிகேஷன் போதவில்லை. 'பத்து நிமிடம் வைத்தேன்' என்று எழுதி வைப்பதில் பயனில்லை. ஒரு கிராமுக்கு எத்தனை ஜூல் என்று எழுதுங்கள். 2% கூழ்மம் 100 மில்லி என்றால் 2 கிராம் படிகம். சோனிகேட்டர் உண்மையில் 20 வாட் கொடுத்தால் 100 நொடியில் 2000 ஜூல், அதாவது கிராமுக்கு 1 கிலோஜூல். 0.5, 1, 2, 4 என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 5 மில்லி எடுத்து ஒரு தட்டு ஊற்றுங்கள். நான்கு தட்டும் காய்ந்ததும் உங்கள் கூழ்மத்தின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, விட்டு விட்டு இயக்குங்கள். சூடேறினால், ஆசிட் கட்டத்தில் படிகத்தின் மேல் ஒட்டி அவற்றை ஒன்றையொன்று தள்ள வைக்கும் சல்பேட் கழன்றுவிடும்.

### சாய்த்தாலும் ஊதினாலும் ஒன்றுமில்லை

திருகே அமைந்ததா என்று பார்க்க வேண்டும். கூழ்மத்தை 5 முதல் 6% வரை மெதுவாகச் செறிவாக்கி, மூடியுள்ள சின்னக் குப்பியில் ஊற்றி இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து அதன் முன் குப்பியைப் பிடியுங்கள். போலராய்டு குளிர்க்கண்ணாடியைத் திரை இருளும் வரை சுழற்றி, அது வழியாகப் பாருங்கள். கீழடுக்கு மட்டும் வெளிச்சமாக இருந்து மேலடுக்கு இருண்டிருந்தால் படிகங்கள் தாமாக அணிவகுக்கின்றன. அப்படியானால் கோளாறு உலர்த்தும் கட்டத்தில்தான். மிக வேகமாகக் காய்ந்து அணிவகுக்க நேரமில்லாமல் உறைந்திருக்கும்.

குப்பி முழுக்கச் சீராக இருண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் செறிவாக்கிப் பாருங்கள். உப்பு அதிகமானால் அடுக்கு பிரியும் செறிவும் மேலே போகும். மறுபடி டயாலிசிஸ் செய்தும் பிரியவில்லையா?

நிபுணரிடம் போகும் கட்டம்: இங்கே நிறுத்திவிட்டு மாதிரியைக் கருவி மையத்துக்கு அனுப்புங்கள். இரண்டு விவரம் கேளுங்கள்: எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகத்தின் நீள அகலம், கடத்துத்திறன் தரம்பார்த்தலில் சல்பேட் அளவு. பருத்தியில் இருந்து வந்தது 100 முதல் 200 நானோமீட்டர் நீளமும் 5 முதல் 10 நானோமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நீள நீளமான நாராகத் தெரிந்தால்தான் ஆசிட் கட்டத்தைக் குறை சொல்லலாம்.

## அறிகுறி: நிறம் வருகிறது, ஓரத்தில் வளையம் வளையமாக

காபி டம்ளர் வைத்த இடத்தில் விழும் கறை மாதிரி, ஓரத்தில் ஒரு நிறம், உள்ளே வேறு, நடுவில் இன்னொன்று. கூழ்மத்தில் ஒரு தப்பும் இல்லை. ஓரம் முதலில் காய்கிறது, உள்ளிருக்கும் திரவம் படிகத்தை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது.

தலைக்கு மேலே பாருங்கள். மின்விசிறி சுற்றுகிறதா? முதலில் அதை அணையுங்கள், அல்லது தட்டை அதன் கீழிருந்து நகர்த்துங்கள். ஏசி காற்று நேரே படும் இடமும் ஆகாது. ஒரு தொகுதித் தட்டுகளில் எல்லா வளையமும் ஒரே திசையில் கோணியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஏசியின் வாய் எந்தப் பக்கம் என்று தேடிப் போயிருக்கிறேன். கோணல் அம்புக்குறி மாதிரி அங்கேதான் காட்டியது.

அடுத்து மூடி. முழுக்க மூடினால் வாரக்கணக்கில் காயாது. திறந்து வைத்தால் வளையம். மூடியின் ஒரு பக்கம் சின்னத் துண்டுக் காகிதம் செருகி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். 35 மில்லிமீட்டர் தட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் காயும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இன்னும் மூன்று நாள் பிடிக்கும். பொறுமை இல்லாதவர்கள் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் ஒரு காரணம். அதற்கு மருந்து கிடையாது.

அப்புறம் மேசை. கொத்தனார் வைத்திருப்பாரே, ரசமட்டம், அதை மேசை மேல் வையுங்கள். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக நிறம் சரிந்திருந்தால் மேசை சாய்ந்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கும் (குழாய்களை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) பக்கத்தில் உள்ள மேசை அதிரும், அங்கேயும் வேண்டாம். தடிமனான கிரானைட் துண்டு ஒன்றை அடியில் போட்டு, நாலு மூலைக்கும் காகிதம் மடித்து வைத்து மட்டம் செய்துகொண்டோம். அதுவே எங்கள் வளையப் பிரச்சினையில் பாதியைத் தீர்த்தது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் மெல்லிய ஓர வளையத்தை வெட்டி எறியுங்கள். பெரிய தட்டில் ஊற்றினால் நடுப்பகுதி தாராளமாகக் கிடைக்கும்.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது நிறம் பொடிப்பொடித் துண்டுகளாகத் தெரிவது வேறு விஷயம். அது கோளாறே அல்ல. திருகின் அச்சு ஒவ்வொரு துண்டிலும் சற்றே சாய்ந்திருக்கும்.

## அறிகுறி: அப்பளம் மாதிரி வெடிக்கிறது, சுருண்டு எழும்புகிறது

சுத்தமான நானோபடிகப் படலம் இயல்பிலேயே நொறுங்கும். முழுசாக எடுப்பதே ஒரு கைப்பக்குவம்.

கண்ணாடித் தட்டிலா ஊற்றினீர்கள்? அதில் ஒட்டிக்கொண்டு சுருங்கும்போது கிழியும். பாலிஸ்டைரீன் பெட்ரி தட்டுக்கு மாறுங்கள். காய்ந்ததும் தட்டின் விளிம்பை லேசாக நெளித்தால் 'டக்'கென்று விடும். கடைசி நாளில் திடீரென்று காய்ந்ததா என்றும் பாருங்கள். பகலில் ஏசியை நிறுத்தி, மாலையில் போட்டால் ஈரப்பதம் சட்டென்று இறங்கும். நான் பார்த்த வெடிப்புகளில் பல அந்த நேரத்தில் விழுந்தவை.

அதிலும் நிற்காவிட்டால் படிக எடையில் 10% பாலிஎத்திலீன் கிளைக்கால் சேருங்கள். வளையும் தன்மை வரும். நிறம் சிவப்புப் பக்கம் நகரும், அதற்கு உப்பு இருக்கிறது. கிளிசராலும் செய்யும், ஆனால் கடற்கரை ஊரில் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். வளைய வேண்டும் என்று அள்ளிக் கொட்டினால் சேர்த்த பொருள் தனியே பிரிந்து படலம் வெளுக்கும்.

## அறிகுறி: பால் மாதிரி வெளுத்த படலம், அல்லது தட்டுக்குப் போகும் முன்பே கூழ்மம் ஜெல்லியாகிறது

இது இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். படிகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதற்குப் பதில் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்.

கண்டக்டிவிட்டி மீட்டரை எடுத்து, நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரில் முதலில் வையுங்கள். அயனி நீக்கிய தண்ணீர் ஓரிரு மைக்ரோசீமன்ஸுக்குள் இருக்க வேண்டும். கருவியின் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோயிருந்தாலும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், யாருக்கும் தெரியாது. ஒருமுறை அயனி நீக்கிய தண்ணீர் தீர்ந்துபோக, 'மினரல் வாட்டர்தானே' என்று கேன் தண்ணீரில் டயாலிசிஸ் ஓட்டிவிட்டார்கள். மூன்று நாள் கழித்துப் பையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே உளுந்துக் கஞ்சி. குடிக்க நல்ல தண்ணீர் வேறு, இதற்கு நல்ல தண்ணீர் வேறு. கடின நீரில் உள்ள கால்சியம் இன்னும் மோசம். அது பக்கத்துப் பக்கத்துப் படிகங்களைக் கொக்கி போட்டுச் சேர்த்துவிடும்.

கெட்டதை மீட்க முடியுமா? சோடியம் உப்பால் கெட்டது என்றால் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு நாள் மறுபடி டயாலிசிஸ், பிறகு கொஞ்சம் சோனிகேஷன், திரும்பி வரும். பைக்கு வெளியே உள்ள தண்ணீரின் கண்டக்டிவிட்டி, புதிதாகப் பிடித்த தண்ணீரின் கண்டக்டிவிட்டிக்கு இறங்கும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கால்சியத்தால் கெட்டதை மீட்க நான் மெனக்கெடுவதில்லை.

தண்ணீர் சரியாக இருந்தும் வெளுப்பு என்றால் வடிகட்டாத நார்த்துண்டுகள் இருக்கும். வெளிச்சத்தில் குப்பியைப் பிடித்தால் பொடி மிதப்பது தெரியும். 0.8 அல்லது 0.45 மைக்ரான் வடிகட்டியில் தள்ளுங்கள். காற்றுக் குமிழியும் வெள்ளையாகத்தான் தெரியும். ஊற்றும் முன் வெற்றிட ஜாடியில் சில நிமிடம் வையுங்கள்.

கூழ்மம் சாம்பல் நிறமாக இருந்தால் அது சோனிகேட்டர் முனையில் இருந்து உதிர்ந்த டைட்டானியம். சென்ட்ரிஃபியூஜில் அடியில் கருப்பாகப் படியும். முனையைக் கழற்றி விளக்கில் பாருங்கள். முகப்பரு வந்த மாதிரி குழிகுழியாக இருந்தால் தேய்ந்துவிட்டது. நிபுணர்: சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். மணல்தாளால் தேய்த்துச் சமாளித்தால் முனையின் நீளம் மாறி, அதிர்வு ஒத்துப்போகாமல் கருவியே போய்விடும். அந்தச் செலவு பெரியது.

வாங்கிய உலர்தூளில் கட்டி வருகிறதா? தூளின் மேல் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். சுழலும் தண்ணீரில் தூளை ரவை தூவுவது போலத் தூவ வேண்டும். உப்புமா கிளறத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

## அறிகுறி: பழுப்பேறுகிறது

அடுப்பில் வைத்து அவசரமாக உலர்த்தினீர்களா? கந்தக அமிலத்தில் இருந்து வந்த கூழ்மம் அமில வடிவில் இருக்கும். சூடானால் அந்த அமிலமே செல்லுலோஸைக் கருக்கும். அறை வெப்பத்தில் உலர்த்துங்கள்.

சூடாக்கியே தீர வேண்டும் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 7க்குக் கொண்டுவந்து சோடியம் வடிவமாக்குங்கள். ஆனால் டயாலிசிஸ் முடிந்த பிறகுதான். முடியும் முன் செய்தால் மிச்ச அமிலமெல்லாம் உப்பாக மாறி, மேலே சொன்ன உளுந்துக் கஞ்சியில் போய் நிற்பீர்கள். சோடியம் வடிவத்துக்கு இன்னொரு லாபம்: கெட்டுப்போன படலத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, சோனிகேட் செய்து, மறுபடி கூழ்மமாக்கலாம். முழுக்கக் காய்ந்த அமில வடிவம் அப்படிக் கரையாது.

கூழ்மமே பழுப்பாக இருந்தால் ஆசிட் கட்டத்தில் வெப்பமோ நேரமோ கூடிவிட்டது. வழக்கமான செய்முறை 64% அமிலம், 45 டிகிரி, சுமார் 45 நிமிடம். நிபுணர்: 64% கந்தக அமிலத்தைப் புகைபோக்கி அலமாரியும் முகக்கவசமும் இல்லாத இடத்தில் கையாளாதீர்கள். வீட்டில், பள்ளியில், கல்லூரிப் பொது மேசையில் செய்கிறவர்கள் ஆயத்தத் தூளையே வாங்கிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

## அறிகுறி: 3டி கண்ணாடியில் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி தெரிகிறது

கண்ணாடியைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். அணிவது போல, வெளிப்பக்கம் படலத்தைப் பார்க்க இருக்க வேண்டும். அது இல்லையென்றால், படலத்தின் மேற்பரப்புப் பளபளப்பைப் பார்க்கிறீர்கள். ட்யூப்லைட்டின் பிம்பம் விழாத கோணத்துக்குத் திருப்புங்கள். படலம் மிக மெல்லியதாக இருந்தால் தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படிவு மாதிரி வரும் நிறமாகவும் இருக்கலாம். கூழ்மத்தைக் கூட்டி ஊற்றுங்கள். 35 மில்லிமீட்டர் தட்டில் 100 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 65 மைக்ரான் படலம், அது போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும் வலக்கை ஒளியும் வருகிறதா? வீசி எறியாதீர்கள். படலத்துக்கு நடுவே திருகாமல் ஒரே திசையில் படிந்த அடுக்கு ஒன்று இருந்தால் அது கைப்பழக்கத்தைப் புரட்டிப் போடும். இதை வேண்டுமென்றே செய்து இருகை ஒளியையும் திருப்பும் படலங்களைப் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் விளையும் பொல்லியா கண்டென்சாட்டா என்னும் நீலக் காயிலோ, ஒரு செல் இடக்கை, பக்கத்துச் செல் வலக்கை என்று கலந்தே இருக்கும். 2012ல் வெளியான ஆய்வு அது. வட்ட இருநிறமானி (இடக்கை, வலக்கை ஒளியின் வேறுபாட்டை அளக்கும் கருவி) உள்ள மையத்தில் அளந்து வாங்குங்கள். கோளாறா கண்டுபிடிப்பா என்பதை எண்தான் சொல்லும்.

## அறிகுறி: நாளாக நாளாக நிறம் மாறுகிறது, தண்ணீர் பட்டால் போய்விடுகிறது

சாயம் வெளுப்பது போல இந்த நிறம் வெளுக்காது. மேலே சொன்ன பொல்லியா காய்கள் 19ஆம் நூற்றாண்டில் பறித்துத் தாவரச் சேகரிப்பில் வைத்தவைகூட இன்னும் நீலமாகவே இருக்கின்றன. ஆகவே உங்கள் படலம் மாறினால் ஈரம்தான்.

மழைநாளில் சிவந்து வெயில்நாளில் திரும்பினால் படலம் நலம்; சிலிக்கா ஜெல் பையோடு மூடி வையுங்கள், அல்லது இரு பக்கமும் லேமினேட் செய்யுங்கள். தண்ணீரில் கரைந்தே போனால் அது சோடியம் வடிவம். குளூட்டரால்டிஹைடு என்னும் நச்சு வேதிப்பொருளைக் கொண்டு படிகங்களை ஒன்றோடொன்று பிணைக்கலாம் (குறுக்கிணைப்பு), ஆனால் 'தாவரத்தில் இருந்து வந்த மாசில்லாப் பொருள்' என்று சொல்லிவிட்டு அதைச் சேர்ப்பது எனக்கு உறுத்தும். கேம்பிரிட்ஜில் இதே செல்லுலோஸ் படலத்தைச் சுருள் சுருளாக வார்த்து மினுக்குத்தூளாக அரைத்தவர்கள், தண்ணீர் தாங்குவதற்கு வெப்பப் பதப்படுத்தலைத்தான் பயன்படுத்தினார்கள்.

கரும்புள்ளி விழுந்தால் பூஞ்சை. குளுக்கோஸ் சேர்த்த படலத்தில் சீக்கிரம் வரும். கூழ்மத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள், உறைவிப்பானில் அல்ல. உறைந்தால் கட்டி தட்டும்.

## அறிகுறி: ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் பசையில் நிறம் வரவில்லை

ஆசிட் வேண்டாம், சோனிகேட்டர் வேண்டாம் என்பவர்களுக்கு இது நல்ல வழி. மாத்திரை செய்வதில் பயன்படும் தூள்தான். 1976ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வெர்போவிஜும் கிரேயும் இதன் நிறத்தைக் கவனித்தார்கள். 6.5 கிராம் தூளும் 3.5 கிராம் தண்ணீரும் கலந்தால் பச்சையை ஒட்டிய நிறம் வரும். தண்ணீர் கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம்.

வெள்ளையாகவே இருந்தால் குமிழி. கண்ணாடிக் கம்பியால் கிளறி முடித்ததும் சப்பாத்தி மாவு பதத்தில் இருக்கும், நுரை அடங்காது. சென்ட்ரிஃபியூஜில் ஓட்டுங்கள். அது இல்லையென்றால் காற்றுப் புகாமல் மூடி ஒரு வாரம் மறந்துவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்தும் தெளியவில்லை என்றால் தூளின் ரகத்தைப் பாருங்கள். அதிகப் பிசுக்குள்ள ரகத்தில் மூலக்கூறு மிக நீளம், அணிவகுக்க யுகமாகும். மூலக்கூறு எடை ஒரு லட்சம் அல்லது அதற்குக் கீழே உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே அடைத்து வைத்தது ஓரத்திலிருந்து நீலமாகிக்கொண்டே வந்தால் ஓர அடைப்பு கசிந்து தண்ணீர் ஆவியாகிறது. பிரித்து எபாக்சி பூசுங்கள். சித்திரை வெயிலில் சிவந்து பிறகு வெளுத்தால் பயப்பட வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பொருள் தண்ணீரோடு பிணங்கிக்கொள்ளும். நிழலுக்குக் கொண்டுபோனால் திரும்பிவிடும்.

இது வலக்கைத் திருகு. 3டி கண்ணாடியில், முன்பு மார்க்கரால் குறித்த கண்ணில் இது அணைந்திருக்கும், மறு கண்ணில் எரியும். அதைக் கோளாறு என்று நினைத்து ஒருவர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்.